நெசவுக்கு இயற்கை இழைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புதிதாக நெய்யத் தொடங்குபவர்கள் பருத்தியா, லினனா, பட்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லும் முன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். நெய்யப்போகும் துணி என்ன பாடு படப்போகிறது என்பது ஒன்று. வாங்கும் நூல் தறியில் பாவாக இழுபட்டு நிற்குமா, ஊடையாகக் குறுக்கே ஓடுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் தெளிந்த பிறகும் இழையின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது. நீளமான இழைகளை நன்கு முறுக்கி நூற்ற சாதாரணப் பருத்தி நூல், குட்டை இழைகளால் தளர நூற்ற உயர்ந்த பெயர் கொண்ட நூலைவிட எல்லா வகையிலும் நன்றாக உழைக்கும். இழையின் நீளமும் முறுக்கும்தான் நூலின் தரத்தை முதலில் தீர்மானிக்கின்றன. எந்தச் செடி, எந்த விலங்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

துணி படப்போகும் பாடு

நீர், வெயில், உராய்வு, உடம்பில் படுவது ஆகிய நான்கில் எது அந்தத் துணிக்கு அதிகம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அடிக்கடி நனைந்து, பிழியப்பட்டு, தோய்க்கப்படும் துண்டுக்கும் துடைக்கும் துணிக்கும் தாவர இழையே ஏற்றது. பருத்தியும் லினனும் நனைந்த நிலையில் வலு கூடும் இழைகள். கம்பளியும் பட்டும் நனைந்தால் வலு குறையும். பருத்தியைவிட லினன் விரைவில் உலரும் என்பதால் ஈரம் நீண்ட நேரம் தங்கக் கூடாத இடங்களுக்கு அதுவே மேல். ஆனால் லினன் துண்டு தொடக்கத்தில் விறைப்பாக இருக்கும். பலமுறை தோய்த்த பிறகுதான் அதன் மென்மை வெளிப்படும். கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு "முரடு" என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் இந்த விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சன்னல் திரைச்சீலை போன்றவற்றுக்கு வெயில்தான் பகை. இயற்கை இழைகளில் வெயிலை மிகக் குறைவாகத் தாங்குவது பட்டு. நேர் வெயில் படும் சன்னலில் பட்டுத் திரை போட விரும்புபவர், பின்னால் பருத்தித் துணியில் உள்திரை ஒன்று தைத்துக்கொள்வது நல்லது. சணலில் லிக்னின் என்னும் மரப்பொருள் கணிசமாக இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறிவிடும்; வெளிர் நிறச் சணல் துணி அதே நிறத்தில் நீடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உடம்பில் படும் துணிக்கு ஈரத்தை வாங்கும் திறன் முக்கியம். வழக்கமான ஆய்வு நிலையில், அதாவது காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது, பருத்தி தன் உலர் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுவைத்திருக்கும். பட்டு 11, லினன் 12, கம்பளி 16 விழுக்காடு அளவுக்கு ஏற்கும். செயற்கை இழையான பாலியெஸ்டரோ அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. கம்பளி இவ்வளவு ஈரத்தை வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரிவதில்லை. குளிர்காலத் துணிக்கு அதை நாடுவதற்கு வெப்பத்தைக் காப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

பாவு வேறு, ஊடை வேறு

நெசவில் பாவு நூல் படும் சிரமத்தில் ஒரு பங்குகூட ஊடை நூலுக்கு இல்லை. பாவு நூல் தொடக்கம் முதல் இறுதிவரை இழுத்துக் கட்டப்பட்டே இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும், நூலைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் உரசி மேலும் கீழும் போகிறது. ஒவ்வொரு அடிக்கும், ஊடையை நெருக்கும் சீப்பு போன்ற அச்சின் பற்கள் அதைத் தேய்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்கின்றன. ஊடை நூலோ அது சுற்றப்பட்டிருக்கும் தாரிலிருந்து உருவப்பட்டு, ஒருமுறை அடிபட்டு, தன் இடத்தில் படிந்துவிடுகிறது. ஆகவே பாவுக்கு முறுக்கேறிய, வழவழப்பான, ஒரே சீரான நூலும், ஊடைக்கு வேண்டுமானால் மென்மையான, முறுக்குக் குறைந்த, மேடுபள்ளமுள்ள நூலும் கொள்ளலாம். கையால் நூற்ற அழகான நூல் ஒன்று கிடைத்து, பாவில் நிற்குமா என்ற ஐயம் இருந்தால், அதை ஊடைக்கு வைத்துக்கொள்வதே விவேகம்.

பாவுக்கு வலுவோடு நீட்சியும் தேவை. பிய்வதற்குமுன் பருத்தி இழை சுமார் 5 முதல் 8 விழுக்காடு வரை நீளும். லினன் 2, 3 விழுக்காட்டோடு நின்றுவிடும். பட்டு 20 விழுக்காட்டை ஒட்டியும் கம்பளி அதற்கு மேலும் நீளும். லினன் வலுவில் பருத்தியை மிஞ்சியது. இருந்தும் பாவு சுற்றும்போது சில நூல்கள் சற்றுத் தளர்ந்தும் சில இறுகியும் அமைந்துவிட்டால், பருத்தியைப்போல் நீண்டு கொடுத்து அந்த ஏற்றத்தாழ்வை அது மறைக்காது. இறுகிய நூல்கள் மட்டும் முழு இழுவிசையையும் தாங்கி ஒவ்வொன்றாக அறும். லினன் பாவை லேசாக ஈரப்படுத்தியபடி நெய்வதும், சீராகச் சுற்றுவதில் இரட்டிப்புக் கவனம் எடுப்பதும் இதனால்தான். கம்பளிப் பாவில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. அதிகம் இழுத்துக் கட்டி நெய்தால், தறியிலிருந்து இறக்கியதும் துணி எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகச் சுருங்கிவிடும்.

முதல் பாவுக்கு, இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கிய இரட்டைப்பிரிப் பருத்தி நூலையே நான் பரிந்துரைப்பேன். ஒற்றைப்பிரி நூலில் நெய்ய வேண்டுமென்றால் கஞ்சி போட்டு, மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை அடக்கிப் படியவைத்த பிறகே தறியில் ஏற்ற வேண்டும்.

பருத்தியை இனம் பிரித்தல்

பருத்தி என்ற ஒரே பெயருக்குள் மிகப் பெரிய வேறுபாடுகள் அடங்கியிருக்கின்றன. உலகில் விளையும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி கோசிப்பியம் ஹிர்சூட்டம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதன் இழை பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை நீளமாக இருக்கும். பார்படென்ஸ் என்னும் இனத்தின் இழை 34 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு. எகிப்தியப் பருத்தி, பீமா என்ற பெயர்களில் விற்கப்படும் மிகநீள இழை வகைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இழை நீண்டால் நூலுக்குள் ஒவ்வோர் இழையும் அண்டை இழைகளோடு அதிக நீளத்துக்குப் பிணைந்திருக்கும். நூலின் வெளியே நீட்டும் முனைகளும் குறையும். அதனால் மெல்லிய நூலும் வலுவாக நிற்கிறது. துணியில் எளிதில் பொடி உருளைகள் திரள்வதில்லை.

நூல் கட்டில் 'கோம்ப்டு' என்று குறித்திருந்தால், நூற்கும் முன் குட்டை இழைகளைச் சீவி நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். 'கார்டடு' என்றிருந்தால் குட்டை இழைகளும் கலந்தே இருக்கும். மென்மையான மேல்துணிக்கும் பாவுக்கும் முதலாவது நல்லது. துடைக்கும் துணிக்கும் போர்வைக்கும் இரண்டாவது தாராளமாகப் போதும், அதற்குமேல் செலவழிக்கத் தேவையில்லை. மெர்சரைஸ் செய்த நூல் என்பது எரிசோடாக் கரைசலில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்திய பருத்தி. இங்கிலாந்தின் ஜான் மெர்சர் 1844ஆம் ஆண்டில் இந்த வினையைக் கண்டறிந்தார். இழுத்துப் பிடித்துச் செய்தால் பளபளப்பு வரும் என்பது அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. மெர்சரைஸ் செய்த நூல் சாயத்தை ஆழமாக ஏற்கும். பாவில் வழுக்கிக்கொண்டு ஓடும். துண்டு நெய்வதற்கு மட்டும் அதைத் தவிர்க்கலாம், ஏனென்றால் அங்கு வேண்டுவது பளபளப்பன்று, நீரைச் சட்டென்று உறிஞ்சும் தளர்ந்த நூல்.

நூலின் பருமனைக் குறிக்கும் எண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். பருத்தி முறையில், 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள், அதாவது நூல் சுருள்கள், எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுவே நூலின் எண். எனவே எண் கூடக் கூட நூல் மெலியும். லினனுக்கோ சிட்டத்தின் நீளம் 300 கெஜம்தான். ஆகவே 40ஆம் எண் லினன் நூலின் பருமன் ஏறக்குறைய 14ஆம் எண் பருத்தி நூலுக்குத்தான் சமம். இரண்டையும் ஒரே எண் என்று நம்பி வாங்கியவர், தறியில் ஏற்றிய பிறகுதான் உண்மையை அறிவார். எல்லா இழைக்கும் பொதுவான அளவு டெக்ஸ். 1000 மீட்டர் நூலின் எடை கிராமில் எவ்வளவோ அதுதான் டெக்ஸ். பருத்தி எண்ணை டெக்ஸாக மாற்ற 590.5ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பட்டுக்கு வழங்கும் டெனியர், 9000 மீட்டரின் எடையைக் கிராமில் குறிப்பது.

தண்டு நார்கள்

ஆளிச் செடியின் தண்டைச் சுற்றியுள்ள நாரே லினன். அந்த நார்க்கற்றைகளைப் பெக்டின் என்னும் பசைப்பொருள் ஒட்டவைத்திருக்கிறது; பனியிலோ நீரிலோ ஊறப்போட்டு அந்தப் பசையைத் தளர்த்திய பிறகே நார் பிரியும். சீவும்போது சீப்பில் நிற்கும் நீண்ட நாரிலிருந்து வழவழப்பான நூலும், உதிரும் குட்டை நாரிலிருந்து சொரசொரப்பான நூலும் நூற்கிறார்கள். ஈரத்தில் நூற்ற லினன் என்று குறித்திருப்பது பெரும்பாலும் மெல்லிய, வழுவழுப்பான வகை. பாவுக்கு நீண்ட நார் நூலையே வாங்க வேண்டும். லினன் கசங்கும். கசங்காத லினன் வேண்டும் என்று தேடுவதைவிட, கசங்கினாலும் உறுத்தாத துணியாகப் பார்த்து நெய்வது மேல்.

கஞ்சாச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் ஹெம்ப் நார் குணத்தில் லினனை ஒத்தது. பொதுவாகச் சற்றுப் பருமனானது. ராமி என்னும் செடியின் தண்டு நார் வலுவும் பளபளப்பும் உடையதாயினும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்த மடிப்பில் முறியக்கூடியது. சணலை விரிப்பு, பை, சுவர்த் தொங்கல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி தோய்க்கும் எதற்கும் அது உதவாது. மிதியடிக்குத் தேங்காய் நார் நன்றாக உழைக்கும். அதிலுள்ள மிகுந்த லிக்னின் அதை நீரில் எளிதில் அழுகவிடாது.

பட்டும் கம்பளியும்

ஒரு பட்டுக்கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே தொடரிழை கிடைக்கிறது. நெசவாளர் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு, தமக்குக் கிடைக்கும் பட்டு அந்தத் தொடரிழையை உருவியதா, அறுந்த துண்டுகளையும் கழிவுக் கூடுகளையும் சீவி நூற்றதா என்பதுதான். முதலாவதில் பளபளப்பும் வலுவும் மிகுதி; இரண்டாவது பருத்தியைப்போல் மங்கலாகவும் மென்மையாகவும் இருக்கும். இரண்டும் பட்டுதான், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால்தான் ஏமாற்றம். கச்சாப் பட்டில் செரிசின் என்னும் பசை எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும். சோப்பு நீரில் காய்ச்சி அதை நீக்கும்போது நூலின் எடை அந்த அளவுக்குக் குறையும் என்பதால், கச்சாப் பட்டை எடைக்கு வாங்குபவர் இந்தக் கழிவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கம்பளியின் தரத்தை இழையின் விட்டத்தைக் கொண்டு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். மெரினோ ஆட்டின் கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அடங்கும். 30 மைக்ரானைத் தாண்டிய இழை முனைகள் வளையாமல் தோலில் குத்துவதால் அரிப்பு ஏற்படுகிறது. கழுத்தில் சுற்றும் துணிக்கு நுண்ணிய வகையும், விரிப்புக்கு முரட்டு வகையும் கொள்ள வேண்டும். மென்மைதான் உயர்வு என்று எண்ணி மெரினோவை விரிப்பில் போட்டால் அது மிதிபட்டு விரைவில் தேய்ந்துபோகும். கம்பளி இழையின் மேற்பரப்பு நுண்ணிய செதில்களால் ஆனது. வெந்நீரிலிட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிச் சுருங்கிவிடும். சுருங்கிய துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால் காரமான சலவைத்தூள் இரண்டையும் அரிக்கும். கம்பளியைப் பூச்சியும் அரிக்கும். தோய்த்து நன்றாக உலர்த்திய பின்பே பெட்டியில் வைக்க வேண்டும், ஏனென்றால் வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியைத்தான் அந்தப் பூச்சிகள் முதலில் நாடும்.

வாங்கும் முன் கையால் சோதித்தல்

ஒரு சாண் நீள நூலை எடுத்து இரு முனைகளையும் பிடித்துச் சட்டென்று இழுக்க வேண்டும். நறுக்கென்று ஒலியோடு அறுந்தால், இழைகள் பிடிமானம் விடாமல் தாமே முறிந்திருக்கின்றன, நூல் நல்லது. ஒலியே இல்லாமல் நெகிழ்ந்து பிரிந்து வந்தால், இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியிருக்கின்றன. அந்த நூல் பாவுக்கு ஆகாது. அடுத்து இன்னொரு துண்டை எடுத்து முறுக்குக்கு எதிராகச் சுழற்றி அவிழ்த்து, தளர்ந்த இடத்தில் மெல்லப் பிரித்து, வெளிவரும் இழைகளைக் கரிய துணிமேல் வைத்து அவற்றின் நீளத்தை அளந்து பார்க்கலாம். பிறகு ஒரு துண்டைக் கட்டைவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்து இருபது முறை முன்னும் பின்னும் உருவ வேண்டும். அச்சின் பற்கள் செய்யப்போவதும் இதைத்தான். பஞ்சு கிளம்பிப் பிசிறு தட்டினால் கஞ்சியில்லாமல் அதைப் பாவில் போடக் கூடாது.

இயற்கை இழைதானா என்ற ஐயத்துக்குத் தீச்சோதனை உதவும். சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, நீர் வைத்த பாத்திரத்துக்கு மேல் கொளுத்த வேண்டும். தாவர இழை காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலை விடும். பட்டும் கம்பளியும் மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியெஸ்டர் உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகிவிடும். விஸ்கோஸ் மட்டும் இந்தச் சோதனைக்குப் பிடிபடாது. மரக்கூழை வேதிப்பொருள்களில் கரைத்து மறுபடி இழையாக்கியது ஆகையால் பருத்தியைப் போலவே எரியும். மிக மென்மையான 'மூங்கில் நூல்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதை இயற்கை இழை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்டுபிடிப்பதற்கு எளிய வழி உண்டு. நூலின் நடுப்பகுதியை மட்டும் நனைத்துவிட்டு இரு முனைகளையும் பிடித்து இழுக்க வேண்டும். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழப்பதால் ஈரமான இடத்திலேயே அறும். பருத்தியும் லினனும் ஈரம் படாத இடத்தில் அறும்.

கலந்து நெய்வது

பருத்திப் பாவும் லினன் ஊடையும் நெடுங்காலமாகக் கைகண்ட சேர்க்கை. பாவில் லினன் தரும் தொல்லை இல்லாமல் அதன் குளிர்ச்சியும் தோற்றமும் துணிக்குக் கிடைத்துவிடும். பட்டுப் பாவில் நுண்ணிய கம்பளி ஊடையும் அழகாகப் படியும். கூடாதது, சுருங்கும் அளவில் பெரிதும் மாறுபடும் இரண்டு நூல்களைப் பாவிலேயே பக்கம் பக்கமாகப் பட்டைகளாக வைப்பது. முதல் தோய்ப்பிலேயே ஒரு பட்டை இறுகி, அடுத்த பட்டை புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பையே வேண்டி நெய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது குறையன்று.

நெய்த பின் சாயமேற்ற நினைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாவர இழைக்குரிய வினைச் சாயங்களும், புரத இழைக்குரிய அமிலச் சாயங்களும் வெவ்வேறு. பருத்தியும் பட்டும் கலந்த துணியை அமிலச் சாயத்தில் தோய்த்தால் பட்டு முழு நிறத்தையும் பிடித்துக்கொள்ள, பருத்தி ஏறக்குறைய வெளுப்பாகவே நிற்கும். இயற்கைச் சாயத்திலும் இந்த வேறுபாடு உண்டு. பட்டுக்கும் கம்பளிக்கும் படிகார நீர் போதும். பருத்திக்கோ முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைத்த பிறகே படிகாரம் நன்கு பற்றும்.

மாதிரித் துண்டும் நூல் கணக்கும்

தேர்வு முடிந்ததும் முழு நூலையும் வாங்கிவிடாமல், ஒரு சிட்டம் மட்டும் வாங்கி ஒரு மாதிரித் துண்டு நெய்ய வேண்டும். பாவு நூல்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்று கண்டுபிடிக்க, அளவுகோலின்மேல் நூலை இடைவெளியின்றியும் நெருக்கித் திணிக்காமலும் சுற்றி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ணலாம். சாதா நெசவுக்கு அதில் பாதியும், சாய்வரி நெசவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் பாவு நூல்களின் எண்ணிக்கையாகக் கொள்ளலாம். மாதிரியை 15 சென்டிமீட்டர் சதுரமாவது நெய்து இறக்கி, அளந்து, அந்தத் துணியை நாளை எப்படித் தோய்ப்போமோ அப்படியே தோய்த்து, உலர்த்தி, மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடே சுருக்கம். தொடு உணர்வையும் தோய்த்த பிறகே மதிப்பிட வேண்டும், ஏனென்றால் தறியில் சல்லடையாகத் தெரிந்த கம்பளித் துணி நீர் பட்டதும் உப்பி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்.

பிறகு நூலின் கணக்கு. தறியில் 50 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் கொண்ட துணியை, சென்டிமீட்டருக்கு 9 பாவு நூலும் 9 ஊடை நூலுமாக நெய்வதாக வைத்துக்கொள்வோம். பாவில் 450 நூல்கள் வேண்டும். பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழும் வளைந்து போவதற்கு 10 விழுக்காடும், தறியில் வீணாகும் நுனிகளுக்கு 70 சென்டிமீட்டரும் சேர்த்தால் ஒவ்வொரு பாவு நூலும் 2.9 மீட்டர், ஆக 1305 மீட்டர். ஊடையில் 1800 வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் 55 சென்டிமீட்டர் என்றால் 990 மீட்டர். இரண்டும் சேர்ந்து 2295 மீட்டர். இரட்டைப்பிரி 10ஆம் எண் பருத்தி நூல் ஒற்றைப்பிரி 5ஆம் எண்ணுக்குச் சமம் என்பதால் அதன் டெக்ஸ் 118. அந்தக் கணக்கில் மொத்த எடை ஏறக்குறைய 271 கிராம். அறுந்துபோவதற்கும் முடிச்சுகளுக்கும் இடம்விட்டு 300 கிராமாக வாங்கிவிடலாம். சாயமிட்ட நூலாக இருந்தால் இந்த 300 கிராமும் ஒரே சாய ஈட்டைச் சேர்ந்ததா, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றியதா என்று கட்டின் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வேறு ஈட்டு நூல் ஊடையின் நடுவில் புகுந்தால் அந்த இடத்தில் துணியின் அகலம் முழுவதும் ஒரு கோடு தெரியும்.